மால்மோ மச்சானின் ஈயப்பற்றும் மூன்று நிமிஷ மௌனமும்

வால்யேவோ,
செப்டம்பர் கடைசி, வியாழக்கிழமை.

ஸ்வீடன் தேசம், மால்மோ நகரில் பிழைக்கப் போய் அங்கேயே ஊன்றிவிட்ட என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் போஷ்கோ அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவனும் ஓய்வுபெற்ற நில அளவையாளனுமாகிய ஜிவோராத் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை யாகொடா, என் ரத்த அழுத்தம் மூவரும் நலம். அங்கே தாங்களும், புதிதாகக் கத்தி வைத்த தங்கள் முழங்காலும் நலமாக இருக்கும்படி வேண்டிக்கொள்கிறோம். முழங்காலைச் சாக்காக வைத்து எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். அது போகட்டும். குளிரில் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளவும் என்று தங்கள் தங்கை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் அந்தக் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்த உடனேயே "இங்க சிக்னல் இல்ல மாப்பிள்ளை" என்று வைத்துவிடுகிறீர்கள். ஸ்வீடனில் கரடிக்குக்கூட சிக்னல் கிடைக்கிறதாம், தங்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஆகவே கடிதம். கடிதத்தை வைத்துவிட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

இந்த மாத ஆரம்பத்தில் மிளகாயைச் சுட்டு அரைத்து பாட்டிலில் அடைத்து ஐவர் போடும் காலம் வந்ததல்லவா. உங்கள் பழைய வீட்டு முற்றத்தில் மிளகாய் மூட்டை வந்து இறங்கிவிட்டது, காலி பாட்டில் பத்தவில்லை. யாகொடா என்னை அந்த வீட்டுப் பரணுக்கு அனுப்பினாள். பாட்டில் தேடப் போன இடத்தில், ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு கேசட் இருந்தது மச்சான். அதன்மேல் தங்கள் திருக்கையால் "ஜிவோராத், வானொலி" என்று எழுதியிருந்தது. எந்தக் கேசட்? நாற்பது வருஷமாக "அதுமேல பாட்டுப் பதிஞ்சிட்டேன்பா, போயே போச்சு" என்று தாங்கள் சாதித்த அதே கேசட்! பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே மிளகாய் கருகி, யாகொடா என் பெயரைச் சொல்லி ஊரைக் கூட்டியதுகூடக் காதில் விழவில்லை.

மறந்திருப்பீர்கள், இல்லை மறந்த மாதிரி இருப்பீர்கள், அதனால் நானே ஞாபகப்படுத்துகிறேன். பத்திரிகையில் செய்முறைப் படம் வந்தது, அதைப் பார்த்து நீயும் நானும் கலாக்சியா கம்ப்யூட்டர் கட்டினோம். ஆளுக்குப் பாதி சாமான் வாங்கினோம். பெட்டி நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதால் உன் அப்பாவின் தேன்கூட்டுப் பெட்டியைக் கழற்றி அதற்குள் வைத்தோம், கோடைகாலம் முழுக்க அதில் எறும்பு ஊர்ந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தது யார்? நீ. நான் வைக்கிறேன் என்றேன். "உன் கை நடுங்கும், நீ நிலம் அள" என்றாய். சரி என்று விட்டேன். என் அம்மா அது இடியை இழுக்கும் என்று சொன்னதால் மிஷின் உன் வீட்டில்தான் இருந்தது. பாவம், அந்த மிஷினுக்கு மூளை கொஞ்சம். இரண்டே இரண்டு பெயரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மூன்றாவது பெயருக்கு அதில் இடமே கிடையாது. பேசுவதும் மூன்றே பேச்சு. நாம் சொன்னது புரியாவிட்டால் "வாட்?" என்னும். நடக்காத காரியம் கேட்டால் "ஹவ்?" என்னும். மண்டையில் இடம் போதாவிட்டால் "சாரி" என்னும். அரசாங்க ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான், இவ்வளவு நேர்மையான பதில் எங்கேயும் கேட்டதில்லை.

இரண்டு பெயர் என்றதும் எனக்கு என்ன தோன்றும்? ஒன்று யாகொடா, இன்னொன்று ஜிவோராத். உன் தங்கையிடம் நேரில் கேட்கத் தைரியம் இல்லாதவன், ராணுவத்துக்குப் போகும் முன்னால் ஒரு நிரல் எழுதினேன். திரையில் "யாகொடா, ஜிவோராத்தைக் கட்டிக்கொள்வாயா?" என்று கேட்கும். இல்லை என்று அழுத்தினால் "நன்றாக யோசித்தாயா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து கேட்கும். ஆம் என்று அழுத்தினால், மச்சான், திரை முழுக்க ரோஜாப்பூ, நடுவில் சர்ச் கோபுரம், அதன் கீழே வயலின்காரர்கள், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பெயர்! இல்லையை ஆயிரம் தடவை அழுத்தி அழுத்திச் சோதித்தேன், ஒரு பிசகு கிடையாது. ஆம் என்பதை மட்டும் நான் தொடவே இல்லை. அவள் விரல் படவேண்டிய இடத்தில் நான் முந்திக்கொண்டு அழுத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று, திருஷ்டி படாமலிருக்க மேஜையை மூன்று தட்டுத் தட்டிவிட்டு எழுந்தேன். கேசட்டை வானொலிக்குத் தபாலில் அனுப்பினேன். அப்போதெல்லாம் நேயர்கள் எழுதிய நிரல்களைக் கீச்சு ஒலியாகவே வானொலியில் போடுவார்கள், ஊரெல்லாம் கேசட்டில் பதிந்து அவரவர் மிஷினுக்கு ஊட்டும். பரணில் கிடைத்தது நீ அப்படிப் பதிந்ததுதான். என் முறை வந்தபோது நான் பிடோலா முகாமில் மொட்டைத் தலையோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வானொலியில் கீச்சு கீச்சென்று ஆரம்பித்தது. "எந்தக் கழுதைடா பன்னியை வானொலியில அறுக்குறது?" என்று சார்ஜென்ட் கத்தினார். எழுந்து நின்று சல்யூட் அடித்து, "பன்னி இல்லை தோழர் சார்ஜென்ட், நான்தான் பொண்ணு கேக்குறேன்" என்றேன். முகாமே கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. முடிந்ததும் சார்ஜென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொன்னாடா?" என்றார்.

என்ன சொன்னாள்? இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. "நிரல் ஏறவில்லை. மிஷின் வாட்? என்று சொல்லிவிட்டது. வருத்தம்." அவ்வளவுதான். முகாமில் எனக்கு "வாட்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். திரும்பி வந்து பஸ் நிலையத்தில் வாயாலேயே கேட்டேன். உன் தங்கை பஸ்ஸைப் பார்த்தபடி "பார்க்கலாம்" என்றாள். அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணமும் நடந்துவிட்டது. சர்ச்சில் பாதிரியார் கேட்டதற்குச் சரி என்று சொன்னாளே என்பாய். அது பாதிரியார் கேட்டதற்கு! நான் கேட்டதற்குப் பதில் எங்கே? இன்றுவரை உன் தங்கையிடம் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்"தான். எல்லாம் உன் ஈயப்பற்றால் வந்த வினை. ஒழுங்காகப் பற்றவைத்திருந்தால் நிரல் ஏறியிருக்கும், அவள் ஆம் என்று அழுத்தியிருப்பாள், என் மனசு ஆறியிருக்கும்.

ஆகவே கேசட் கிடைத்ததும் முடிவு செய்தேன். சனிக்கிழமை கல்யாண நாள் விருந்தில், சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, இந்த நிரலை ஓட்டியே தீருவது, அவள் ஆம் என்று அழுத்தியே தீருவது. பழைய மிஷின் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அதன்மேல் ஜெரேனியம் தொட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் உன் தங்கை. ஆனால் எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது மச்சான். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறான். லேப்டாப்புக்குள் கலாக்சியா மாதிரியே நடிக்கும் நிரல் அது. நடிப்பு என்றால் அப்படி இப்படி நடிப்பு இல்லை. அதே கறுப்புத் திரை, அதே தடி எழுத்து, அதே ஆமைவேகம். குணம் குற்றம் எல்லாமே அப்படியே. ஒரே ஒரு வித்தியாசம், இதில் உன் ஈயம் இல்லை.

கேசட்டை இதற்குள் ஏற்றுவதில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று. நம் பழைய டேப் ரெக்கார்டரின் துளைக்குப் பொருந்தும் ஒயர் இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை. சரி, நீ அன்றைக்கு வானொலிப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தாயே, அதே மாதிரி லேப்டாப்பின் மைக்குக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பாடவிட்டேன். மூன்று நிமிஷம் யாரும் மூச்சுவிடக் கூடாது, அவ்வளவுதான். மூன்றே நிமிஷம்! இந்தத் தெருவில் மூன்று நிமிஷ மௌனம் கேட்பதும் ஆற்றை நின்று போ என்பதும் ஒன்று என்று இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை ஆரம்பித்தேன், பக்கத்து வீட்டுக்கு விறகு அறுக்கும் டிராக்டர் வந்தது. சாயங்காலம்வரை ரம்பம். லேப்டாப் "வாட்?" என்றது. செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன், பழைய சாமான் வாங்குகிற வண்டி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு "பழைய வாஷிங் மிஷின், பிரிட்ஜ், பேட்டரி, இரும்பு!" என்று சரியாக நம் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ், மூணு நிமிஷம் வாயை மூடுய்யா, இங்க ஒரு கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டு இருக்கு!" என்றேன். அந்த மனுஷன் நிமிர்ந்து பார்த்து, "கம்ப்யூட்டரா? அதையும் எடுத்துக்கிறோம் சார், கீழ கொண்டாங்க" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னான். தெருவே சிரித்தது. யாகொடா சமையலறையிலிருந்து, "குடுத்துடுங்க, ஜாடி வைக்க இடம் கிடைக்கும்" என்றாள்.

நேற்று புதன்கிழமை. ரம்பம் இல்லை, வண்டி இல்லை. மேல்வீட்டு மிலுன்காவிடம் முன்கூட்டியே போய், "அக்கா, மதியம் கொஞ்ச நேரம் நாற்காலியை இழுக்காதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். பிரிட்ஜை நிறுத்தச் சொன்னால் யாகொடா, "உள்ள ஆட்டுக்கறி இருக்கு, உங்க பொண்ணு பாக்குற படலத்துக்கு அது நாறணுமா?" என்றாள். பிரிட்ஜ்மேல் போர்வை போர்த்தினேன். பட்டனை அழுத்தப் போகிற நேரம் பார்த்து வாசலில் "வீட்ல ஆள் இருக்கா?" என்று குரல். நம் கூம் திராகிஷா! விருந்துக்கென்று சொந்தமாகக் காய்ச்சிய பிளம் சாராயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறான். வேறு யாராவது என்றால் போய்யா என்று சொல்லியிருப்பேன். கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற கூமை எப்படிப் பேசாதே என்பது? கூமிடம் வாயை மூடு என்று சொன்னவன் வீடு விளங்குமா? உட்காரவைத்து, யாகொடாவிடம் ஜாடை காட்டினேன். அவள் முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிய சர்மா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். வாயில் முட்டைக்கோஸ் போனால் பேச்சு நிற்கும் என்பது என் கணக்கு. கணக்கு சரிதான், முழு நிசப்தம். கேசட் ஓடியது. கீச்சு, கீச்சு, பாதி வந்துவிட்டது, அப்போது கேசட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது மச்சான்.

"யாகொடா! ஜன்னலைச் சாத்துடி, காத்து அடிக்குது!"

உன் அம்மா. என் மாமியார். நீ அன்றைக்குப் பதிந்துகொண்டிருக்கும்போது அறைக்குள் எட்டிப் பார்த்து உரக்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யாகொடா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? விடுவிடென்று போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். பொய் சொல்லவில்லை. அந்த அம்மாள் இருந்தவரை எனக்கும் அவருக்கும் ஒருநாள்கூட ஒத்துப்போனதில்லை, நேற்று அந்தக் குரலை மறுபடி கேட்கவேண்டும்போல் இருந்தது. லேப்டாப் "வாட்?" என்று போட்டதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. "நிறுத்தாதீங்க, ஓடட்டும், அம்மா இன்னும் ஏதாவது சொல்றாங்களா பாப்போம்" என்றாள். அதனால்தான் நிறுத்தவில்லை. நிறுத்தாததால்தான் தெரிந்தது. கொஞ்ச இடைவெளி விட்டு, கீச்சு கீச்சு என்று நிரல் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது! வானொலிக்காரர்கள் எதையும் இரண்டு தடவை போடுவார்கள், முதல் தடவை கெட்டால் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். இரண்டாவதில் மாமியார் இல்லை!

ஆனால் கூம் இருந்தான். குரலைக் கேட்ட அதிர்ச்சியில் சர்மாவை விழுங்கியவன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். "கடவுள் அந்தம்மா ஆத்மாவுக்குச் சாந்தி குடுக்கட்டும்!" என்று ஏழு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லி, இறந்தவர்களுக்காகத் தரையில் நாலு சொட்டுச் சாராயம் ஊற்றினான். அதில் இரண்டு சொட்டு லேப்டாப்பின் மேலும் விழுந்தது. "வாட்?" என்றது அது. இந்தத் தடவை எனக்கே அது நியாயமாகப் பட்டது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்த அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. பிரிட்ஜ் அடங்கியது, மிலுன்காவின் டிவி அடங்கியது, எதிர்வீட்டுப் பாட்டு அடங்கியது. தெரு முழுக்க அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது, ரெக்கார்டரில் தடி பேட்டரி இருக்கிறது. கேசட்டை இரண்டாவது தடவையின் ஆரம்பத்துக்குச் சுற்றினேன். கூம் ஒரு முழு சர்மாவை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றான். வாய்தான் ஓயாதே தவிர, அவனும் நம் ஆள்தான். யாகொடா ஏப்ரன் நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள், இருமல் வந்துவிடுமோ என்று. மூன்று நிமிஷம். திரையில் "ரெடி" என்று வந்தது.

ரெடி, மச்சான், ரெடி! கூமைக் கட்டிப் பிடித்தேன், அவனுக்குப் புரையேறிவிட்டது. "ஓட்டிப் பாத்துடலாமா?" என்றான். கூடாது என்று மேஜையை மூன்று தட்டுத் தட்டினேன். சனிக்கிழமைதான், அவள் விரல்தான். "என்ன யாகொடா, அழுத்துவாயா?" என்று கேட்டேன். ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றாள்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. அன்றைக்கு நிரல் ஏறாமல் போனதற்குத் தங்கள் ஈயப்பற்றே காரணம் என்றும், ஜிவோராத் எழுதியதில் குறை ஏதும் இல்லை என்றும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவேண்டும். ஆணி அடித்துவிட்டேன்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் ஸ்வீடன்காரராகிவிட்ட பிள்ளைகளுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும். பனிக்காலம் உங்கள் முழங்காலிடம் கொஞ்சம் இரக்கம் காட்டட்டும். ஐவர் ஆறு பாட்டில் தனியே எடுத்து வைத்திருக்கிறோம், வந்தால் கிடைக்கும்.

இப்படிக்கு,
குறையொன்றும் இல்லாத தங்கள் மாப்பிள்ளை,
ஜிவோராத்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வெள்ளிக்கிழமை தபால் நிலையத்துக்குப் போனேன், அங்கேயும் மின்சாரம் இல்லை. கடிதம் பையிலேயே தங்கிவிட்டது. இன்று திங்கட்கிழமை. கிழித்துப் போட்டிருக்கலாம், இத்தனை பக்கம் எழுதிய கை வலிக்கிறது, அதனால் கீழே தொடர்கிறேன்.

சனிக்கிழமை கூடம் நிறைய ஜனம். லேப்டாப்பைப் பெரிய டிவியில் மாட்டி ஓட்டினேன். கேள்வி வந்தது. யாகொடா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யோசிக்கவே யோசிக்காமல், இல்லை என்று அழுத்தினாள். "ஐயோ!" என்றது கூடம். "நன்றாக யோசித்தாயா?" என்று மறுபடி கேட்டது மிஷின். மறுபடி இல்லை. மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆம் என்று அழுத்தினாள். திரை துடைத்துக்கொண்டது, இடது மூலையில் ரோஜாவின் ஒரே ஒரு இதழ் வந்தது. அப்புறம் எழுத்து வந்தது.

"சாரி".

வாரம் முழுக்க நான் தேடிய மௌனம் அப்போதுதான் கிடைத்தது மச்சான். கூம்கூடப் பேசவில்லை. அந்த மௌனத்தில் உன் தங்கை என் தோளில் கைவைத்து, "முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, அன்னிக்கும் இதைத்தான் சொல்லிச்சு" என்றாள்.

அன்றைக்கும்! இரண்டாவது தடவை போட்டதில் நிரல் ஜோராக ஏறிவிட்டதாமே! என்ன செய்கிறது பார்ப்போம் என்று சாயங்காலம் முழுக்க இல்லை இல்லை என்று அழுத்திக்கொண்டே இருந்தாளாமே, நீ பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தாயாமே. "எத்தனை தடவை இல்லைன்னாலும் கோவிக்காம கேக்குதேன்னு மனசு இளகிப்போய் ஆம்னு அழுத்தினேன். உடனே சாரின்னுட்டீங்க" என்கிறாள். ரோஜா, கோபுரம், வயலின்காரர்கள் எல்லாம் அந்தச் சின்ன மண்டையில் கொள்ளவில்லை. முகாமில் இருக்கிறவனுக்கு இது தெரிந்தால் வெட்கத்தில் செத்துப்போவான் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு "ஏறவில்லை" என்று எழுதினீர்களாம். எனக்காக நாற்பது வருஷம் உன் ஈயப்பற்றின் மேல் பழியை வாங்கிக்கொண்டாய். போனில் சிக்னல் போவதன் காரணம் இப்போது புரிகிறது. உன் ஈயத்தில் ஒரு குறையும் இல்லை மச்சான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ஆட்டக்காரி நான்தான். அந்த ஆணியில் மாட்ட நீ ஒன்றும் எழுதி அனுப்பவேண்டாம், உன் போட்டோ ஒன்று அனுப்பு.

"சரி, அன்னிக்குத்தான் மிஷின் கெடுத்துச்சு. இப்போ எல்லாரும் பாக்க வாயால ஒரு தடவை சொல்லேன்" என்று கேட்டேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "முதல்ல உங்க மிஷினைச் சரிபண்ணுங்க, பார்க்கலாம்" என்றாள்.

நேற்று முழுக்க உட்கார்ந்தேன். வயலின்காரர்களை எடுத்தேன், போதவில்லை. கோபுரத்தை எடுத்தேன், போதவில்லை. கடைசியில் ரோஜாவையும் எடுத்துவிட்டேன், இரண்டு பெயர் மட்டும் மிச்சம். இன்று காலை நான் கூப்பிடாமலேயே காபியோடு வந்தாள், நின்றபடியே ஆம் என்று அழுத்தினாள். திரையில் யாகொடா, ஜிவோராத் என்று இரண்டு பெயரும் வந்து நின்றன, சாரி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் திரும்பியபோது காபியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஜன்னலைச் சாத்துங்க, காத்து அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.